நஞ்சு ஆயுதமாகும்போது: டோக்கியோ 1995 முதல் நம் வகுப்பறை வரை



சில மாதங்களுக்கு முன் நமது மஹல்லாவின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றியது. ஊரின் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியில் யாரோ நஞ்சு கலந்துவிட்டார்கள், எவரும் குழாயைத் திறக்க வேண்டாம் என்பது அதன் சாரம். அன்று இஷா வரை பல வீடுகளில் உலை வைக்கப்படவில்லை. மறுநாள் அது பொய் என்று தெரிந்தது. அதற்கடுத்த நாள் ஃபிக்ஹு வகுப்பில் மாணவர் ஒருவர் எழுந்து, "ஹஸ்ரத், போரில் எதிரியின் கோட்டை மீது நெருப்பை எறியலாம் என்று மின்ஹாஜில் வருகிறதே, அப்படியானால் விஷவாயுவும் கூடுமா?" என்று கேட்டார். அவர் குதர்க்கமாகக் கேட்கவில்லை. பாடத்தைப் படித்தவர் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டார். அன்று நாம் சொன்ன விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. அந்த வதந்திக்கும் இந்தக் கேள்விக்கும் சேர்த்து வரலாற்றிலிருந்து விடை தேட முயன்றதன் பயனே இக்கட்டுரை.

1995 மார்ச் 20, திங்கட்கிழமை. காலை எட்டு மணியளவில் டோக்கியோவின் சுரங்க இரயில்களில் அலுவலகம் செல்வோர் நெருக்கியடித்து நின்றிருந்தனர். ஹிபியா, மருநௌச்சி, சியோடா ஆகிய மூன்று தடங்களில் ஓடிய ஐந்து இரயில்களில் ஐவர் ஏறினர். செய்தித்தாளில் சுற்றிய பிளாஸ்டிக் பைகளைத் தரையில் போட்டனர். கூராகத் தீட்டிய குடைமுனையால் அவற்றைக் குத்திவிட்டு, அடுத்த நிலையத்தில் இறங்கிச் சென்றனர். பைகளில் இருந்தது ஸாரின் எனும் நரம்பு நச்சு. அந்த இரயில்கள் அனைத்தும் அரசு அமைச்சகங்களும் காவல்துறைத் தலைமையகமும் சூழ்ந்த கஸுமிகஸேகி நிலையத்தை நோக்கிச் செல்பவை. அந்நிலையத்தில், பெட்டியில் கசிந்து கிடந்த பொருளை அகற்றிய இரயில்வே ஊழியர் இருவர் உயிரிழந்தனர். தாம் எதைத் தொடுகிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. பயணிகள் மீண்டும் ஏற வேண்டும், இரயில் நேரத்திற்குப் புறப்பட வேண்டும் என்பதே அவர்களின் கவலையாக இருந்தது.

அன்றைய தாக்குதலில் 12 பேர் மாண்டனர். பின்னாளில் அதன் பாதிப்பால் மேலும் இருவர் இறந்தனர். 5,000க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளை நாடினர். செயின்ட் லூக் மருத்துவமனைக்கு மட்டும் முதல் நாளில் 640 பேர் வந்தனர். இடம் போதாமல் அங்கிருந்த தேவாலயக் கூடத்திலும் நோயாளிகளைக் கிடத்தினார்கள். நோயாளிகளின் உடையிலிருந்து எழுந்த நச்சாவி, மருத்துவம் செய்தோரையும் தாக்கியது. என்ன நஞ்சு என்பதைக் காவல்துறை அறிவிக்க ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆயிற்று. அதற்குள் எங்கோ தொலைவிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அதைப் பிறகு சொல்கிறோம்.

இதைச் செய்தவர்கள் ஓம் ஷின்றிக்கியோ என்னும் புதுமதக் குழுவினர். 1984இல் ஒரு யோகப் பயிற்சிக் கூடமாகத் தொடங்கியது அது. ஷோகோ அஸஹாரா என்று பெயர் மாற்றிக்கொண்ட, பார்வைக் குறைபாடுடைய ஒருவர் அதன் குரு. 1989இல் சட்டப்படி மத நிறுவனமாகப் பதிவு பெற்றது. அதே ஆண்டு நவம்பரில், குழுவை எதிர்த்து வழக்காடிய வழக்கறிஞரும் அவர் மனைவியும் குழந்தையும் கொல்லப்பட்டனர். 1990 தேர்தலில் குருவும் சீடர்களுமாக 25 பேர் போட்டியிட்டு, ஒருவரும் வெல்லவில்லை. உலகம் அழியப்போகிறது, தாமே அதைத் தப்பிப் பிழைப்போம் என்ற போதனை அதன்பின் இன்னும் கடுமையாயிற்று.

இக்குழுவின் சீடர்கள் எத்தகையோர் என்பதை நம் பெற்றோர் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். வறுமையால் வழிதவறியவர்கள் அல்லர் அவர்கள். ஸாரின் பையைக் குத்திய ஐவரில் ஒருவர் பெயர் பெற்ற இதய அறுவை மருத்துவர். இன்னொருவர் வஸேதா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்றவர். நச்சைத் தயாரித்தவர் ட்ஸுகுபா பல்கலைக்கழகத்தில் கரிம வேதியியல் ஆய்வு செய்தவர். நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளை கெட்டுப்போகாது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். குரு சொன்னால் கொலையும் கொல்லப்படுவோருக்கு நன்மையே என்று நம்புமளவுக்கு அவர்களின் அறிவு மண்டியிட்டிருந்தது.

ஜப்பானில் மட்டும் சுமார் 10,000 சீடர்கள், பெருஞ்செல்வம், ஃபுஜி மலையடிவாரத்தில் தனி ஆலை, தடையின்றி வாங்கக் கிடைத்த மூலப்பொருள்கள், மத நிறுவனம் என்பதால் காவல்துறை காட்டிய தயக்கம் என எல்லாம் இருந்தும் அவர்கள் பெரும்பாலும் தோற்றார்கள். நச்சுக்கிருமிகளைக் கொண்டு செய்த முயற்சிகள் ஒன்றும் பலிக்கவில்லை. 1993 கோடையில் டோக்கியோவின் கமெய்தோ பகுதியில் கட்டட உச்சியிலிருந்து ஆந்த்ராக்ஸ் கிருமியைத் தெளித்தார்கள். அக்கம்பக்கத்தார் துர்நாற்றம் என்று புகார் செய்தார்கள், அவ்வளவே. அவர்கள் கையில் இருந்தது கால்நடைத் தடுப்பூசிக்குப் பயன்படும் தீங்கற்ற வகை என்பது பின்னரே தெரிந்தது. டோக்கியோவில் கூட, காவல்துறையின் சோதனை நெருங்குவதை அறிந்து அவசரத்தில் தயாரித்த தரம் குறைந்த நச்சையே பயன்படுத்தினர். அது தரமானதாக இருந்திருந்தால் இறந்தோர் தொகை எங்கோ போயிருக்கும் என்பதையும் மறைக்கக் கூடாது.

ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 19 அன்று, அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் முன்னாள் இராணுவ வீரர் ஒருவர் உரத்தையும் எரிபொருளையும் கொண்டு செய்த வெடிகுண்டை ஒரு வண்டியில் ஏற்றி வந்து அரசுக் கட்டடத்தின் முன் வெடிக்கச் செய்தார். 168 பேர் இறந்தனர். அவருக்கு ஆலையோ விஞ்ஞானிகளோ இல்லை. விரல்விட்டு எண்ணத்தக்க கூட்டாளிகளே இருந்தனர். உயிர்களைக் கணக்கிட்டால், பயங்கரவாதியின் கையில் நஞ்சைவிட வெடிகுண்டும் துப்பாக்கியுமே கொடியவை. நஞ்சின் வலிமை அது கொல்லும் எண்ணிக்கையில் இல்லை, அது உண்டாக்கும் அச்சத்தில் இருக்கிறது. மருத்துவமனைக்கு ஓடிய ஐயாயிரம் பேரில் பெரும்பாலோரிடம் நச்சின் அறிகுறி இல்லை, அல்லது மிக இலேசாகவே இருந்தது. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கண்ணுக்குத் தெரியாததை எப்படி அளப்பது?

இந்தக் கணக்கின் நமக்கு மிக நெருங்கிய சான்று இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தில் இருக்கிறது. 1990 ஜூன் மாதம் கிரானில் இருந்த இராணுவ முகாமைத் தாக்கிய விடுதலைப் புலிகள், காகித ஆலையிலிருந்து பெற்ற குளோரின் வாயுவைக் காற்றில் விட்டனர். 60க்கும் மேற்பட்ட வீரர்கள் பாதிக்கப்பட்டனர். காற்று திரும்பி விட்டவர்கள் பக்கமே வாயு வந்தது. அதன்பின் அவர்கள் அதை நாடவில்லை. அதே மாவட்டத்தில், அதே ஆண்டு ஆகஸ்ட் 3 அன்று, காத்தான்குடியின் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோரைத் துப்பாக்கிகளும் கையெறிகுண்டுகளும் கொன்றன. ஆயுத ஆய்வாளர்களின் நூல்களில் கிரான் இடம்பெறுகிறது. காத்தான்குடி இடம்பெறுவதில்லை, அங்கே பயன்பட்டவை 'வழக்கமான' ஆயுதங்கள் அல்லவா!

குற்றவாளிகளின் கையில் நஞ்சு வந்த கதைகளும் உண்டு. 1982இல் சிகாகோ நகரில் டைலனால் எனும் வலிநிவாரணி மாத்திரைக் குப்பிகளில் யாரோ சயனைடைக் கலந்ததில் 7 பேர் இறந்தனர். குற்றவாளி இன்றுவரை தண்டிக்கப்படவில்லை. இன்று நாம் மருந்துக் குப்பியைத் திறக்கும்போது கிழிக்கும் பாதுகாப்பு உறை பரவலானது அந்நிகழ்வுக்குப் பிறகுதான். 1984இல் அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில், இந்தியாவிலிருந்து சென்ற ரஜ்னீஷின் சீடர்கள் பத்து உணவகங்களின் பச்சைக் காய்கறிக் கலவையில் சால்மொனெல்லா கிருமியைக் கலந்தனர். உள்ளூர்த் தேர்தலில் எதிராளிகளை வாக்களிக்க விடாமல் படுக்கையில் கிடத்துவதே நோக்கம். 751 பேர் நோயுற்றனர், எவரும் இறக்கவில்லை. அது திட்டமிட்ட செயல் என்பது வெளிப்பட ஓராண்டு ஆயிற்று. சமையலறைச் சுத்தக் குறைவு என்றே அதுவரை எண்ணியிருந்தார்கள்.

இனி, நம் சமுதாயத்தைத் தொட்ட பகுதி.

2001 செப்டம்பர் 11க்குப் பின் சில வாரங்களில் அமெரிக்காவின் ஊடக அலுவலகங்களுக்கும் செனட்டர்கள் இருவருக்கும் ஆந்த்ராக்ஸ் தூள் அடங்கிய உறைகள் அஞ்சலில் வந்தன. 5 பேர் இறந்தனர், 17 பேர் நோயுற்றனர். உள்ளேயிருந்த கடிதங்களில் அமெரிக்காவுக்கு மரணம் என்ற கூற்றும், அல்லாஹ்வைப் பெருமைப்படுத்தும் வாசகமும் எழுதப்பட்டிருந்தன. அதைப் படித்த உலகம் யாரைச் சந்தேகித்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டுகள் கழித்து அமெரிக்கப் புலனாய்வுத் துறை வந்தடைந்த முடிவு வேறு. அமெரிக்க இராணுவத்தின் ஃபோர்ட் டெட்ரிக் ஆய்வகத்தில் ஆந்த்ராக்ஸ் தடுப்பூசிக்காக உழைத்த விஞ்ஞானி புரூஸ் ஐவின்ஸ் என்பவரே குற்றவாளி என்றது அத்துறை. குற்றம் சாட்டப்படுவதற்கு முன்பே, 2008இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அறிவியல் சான்றை மட்டும் கொண்டு அம்முடிவை உறுதியாகச் சொல்ல இயலாது என்று அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் குழு 2011இல் கூறியது. அவருக்கு முன் வேறொரு விஞ்ஞானி ஆண்டுக்கணக்கில் தவறாகச் சந்தேகிக்கப்பட்டு, அரசு அவருக்கு இழப்பீடு வழங்க நேர்ந்தது.

அந்தக் கடிதங்களின் அச்சம் ஆறாத நாளில்தான், 2003 பிப்ரவரி 5 அன்று, ஐ.நா. பாதுகாப்புச் சபையில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஒரு சிறு குப்பியை உயர்த்திக் காட்டி இராக்கின் நச்சாயுதங்களைப் பற்றிப் பேசினார். அதற்கு ஒரு மாதம் முன்பு இலண்டனின் வுட் கிரீன் பகுதியில் ஒரு குடியிருப்பில் ரிசின் நஞ்சு கண்டெடுக்கப்பட்டதாகச் செய்தி வந்திருந்தது. உண்மையில் ஆய்வகம் அங்கே ரிசின் இல்லை என்றே கண்டிருந்தது. 2005இல் வழக்கு முடிந்தபோது நால்வர் விடுதலையாயினர். ஒருவர் மட்டும் தண்டிக்கப்பட்டார். அவரிடம் நஞ்சு செய்யும் குறிப்புகள் இருந்தன. அவர் காவலர் ஒருவரைக் கொன்றவரும் ஆவார். ஆகவே எல்லாம் கட்டுக்கதை என்று நாம் சொல்ல முடியாது. தீய எண்ணம் இருந்தது, நஞ்சு இல்லை. இராக்கிலோ, படையெடுப்புக்குப் பின் தேடியும் சொல்லப்பட்ட ஆயுதக் குவியல்கள் கிடைக்கவில்லை. அச்சுறுத்தலைக் குறைத்து மதிப்பிட்ட ஜப்பானில் டோக்கியோ நிகழ்ந்தது. மிகைப்படுத்தி மதிப்பிட்டதன் விலையை இராக்கின் மக்கள் கொடுத்தார்கள்.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் நாம் பாதி உண்மையைச் சொன்னவர்கள் ஆவோம். 2003 மே மாதம் சவூதி அரேபியாவைச் சேர்ந்த நாஸிர் அல்ஃபஹ்த் என்பவர் பேரழிவு ஆயுதங்களைப் பயன்படுத்தலாம் என்று ஃபத்வா எழுதினார். அதில் அவர் எடுத்துக்கொண்ட ஆதாரங்களில் ஒன்று, நம் மாணவர் கேட்ட அதே மன்ஜனீக், அதாவது கோட்டைகள் மீது கல்லும் நெருப்பும் எறியும் பொறி. அவர் சிறைப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் தொலைக்காட்சியில் தோன்றித் தம் தீர்ப்புகளைத் திரும்பப் பெறுவதாகக் கூறினார். எழுத்தோ உலவிக்கொண்டேயிருந்தது. 2006 இறுதியிலிருந்து இராக்கின் அன்பார் மாகாணத்தில் அல்காயிதாவினர் குளோரின் உருளைகளை வெடிகுண்டு வண்டிகளில் ஏற்றினார்கள். 2007 மார்ச் 16 அன்று ஒரே நாளில் சுமார் 350 பேர் மூச்சுத் திணறினர். மூச்சுத் திணறியவர்கள் ரமாதியிலும் ஃபல்லூஜாவின் சுற்றுப்புறத்திலும் வாழ்ந்த முஸ்லிம்கள். அத்தாக்குதல்களிலும் உயிர்களைப் பறித்தது பெரும்பாலும் வெடிப்பே. ஆயினும் இன்னொரு தீங்கு நிகழ்ந்தது. குளோரின் குடிநீரைத் தூய்மையாக்கும் பொருள். அதே ஆண்டு வட இராக்கில் காலரா பரவியபோது, குண்டுக்குப் போய்விடுமோ என்ற அச்சத்தால் குளோரின் சரக்கு ஜோர்டான் எல்லையில் தடைப்பட்டு நின்றது.

இப்போது மாணவரின் கேள்விக்கு வருவோம். இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் அந்தச் சட்டம் இருப்பது உண்மை. ஹனஃபி நூல்களிலும் உண்டு. இல்லை என்று மழுப்பினால் மாணவர் வேறிடத்தில், வேறொருவரிடம் அதைப் படிப்பார். அவர் அல்ஃபஹ்தின் வழியில் விளக்குவார். அச்சட்டம் எதைப் பற்றியது என்பதையே நாம் கற்பிக்க வேண்டும். ஆட்சித் தலைவர் அறிவித்த போர். படையினர் கோட்டைக்குள் அடைந்து நிற்கிறார்கள். வேறு வழியில் கோட்டை வீழாது. இந்த நிலையில் எழுந்த விலக்கு அது. அதன் அடிப்படைச் சட்டமோ, பெண்களையும் குழந்தைகளையும் கொல்வதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாகும். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் அது பதிவாகியுள்ளது. இருவரை எரிக்குமாறு ஒரு படைப்பிரிவுக்குக் கட்டளையிட்டு, புறப்படும் வேளையில் நெருப்பால் தண்டிக்கும் உரிமை அல்லாஹ்வுக்கே உரியது என்று கூறி அக்கட்டளையை அவர்கள் திரும்பப் பெற்ற செய்தியும் புகாரியில் உண்டு. முதல் கலீஃபா அபூபக்ர் (ரலி) ஷாம் நோக்கிப் படை அனுப்பியபோது முதியோரையும் பழமரங்களையும் கூட விலக்கிச் சொன்ன அறிவுரை முவத்தாவில் இருக்கிறது. நஞ்சைப் பற்றியே நேரடியாகப் பேசியவர்களும் உண்டு. எகிப்தின் மாலிகி அறிஞர் கலீல் இப்னு இஸ்ஹாக் (ரஹ்) தமது முக்தஸரில் நஞ்சு தோய்த்த அம்பை ஹராம் என்று எழுதினார். அவர் வாழ்ந்தது பதினான்காம் நூற்றாண்டு. நச்சுவாயுப் போரைத் தடைசெய்த ஜெனீவா நெறிமுறை வந்தது 1925இல்.

இன்னொன்றையும் அம்மாணவரிடம் சேர்த்துச் சொன்னோம். ஃபிக்ஹு நூல்களில் அமான் என்றொரு பாடம் இருக்கிறது. பயணச்சீட்டு வாங்கி இரயிலில் ஏறுபவன் சக பயணிகளோடு சொல்லாத ஓர் உடன்பாட்டில் இருக்கிறான். அருகில் அமர்ந்திருப்பவர் தன்னைக் கொல்லமாட்டார் என்று ஒவ்வொருவரும் நம்பியே அமர்கிறார்கள். கோட்டை முற்றுகையில் அந்த நம்பிக்கை இல்லை. இரயில் பெட்டியில் இருக்கிறது. மன்ஜனீக்கை அங்கே கொண்டுபோகிறவர் கியாஸ் செய்யவில்லை, துரோகம் செய்கிறார். அவர் தலையசைத்தார். முழுவதும் ஏற்றாரா என்று அறியோம். அடுத்த வாரம் இன்னும் இரண்டு கேள்விகளோடு வந்தார், அது நல்லதே.

தொலைபேசி அழைப்பைப் பற்றிச் சொல்வதாகக் கூறியிருந்தோம். டோக்கியோ மருத்துவர்கள் என்ன நஞ்சென்று தெரியாமல் தவித்த அக்காலையில், ஷின்ஷு பல்கலைக்கழக மருத்துவமனையின் மருத்துவர் ஒருவர் தொலைக்காட்சியில் நோயாளிகளைக் கண்டார். சுருங்கிய கண்மணிகளைப் பற்றிக் கேட்டதும் அவருக்குப் புரிந்துவிட்டது. டோக்கியோவை அழைத்து, இது ஸாரினாக இருக்கும், இன்னின்ன மருந்து கொடுங்கள் என்றார். அவருக்கு எப்படித் தெரியும்? அவருடைய மருத்துவமனை இருந்த ஊர் மட்ஸுமோட்டோ. ஒன்பது மாதங்களுக்கு முன், 1994 ஜூன் 27 இரவு, ஓம் குழுவினர் அவ்வூரில் ஒரு வண்டியிலிருந்து ஸாரினைக் காற்றில் விட்டிருந்தார்கள். தங்கள் நில வழக்கை விசாரித்த நீதிபதிகள் தங்கிய குடியிருப்பே குறி. எழுவர் இறந்தனர், நூற்றுக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர்.

அந்த நிகழ்வுக்காகக் காவல்துறை ஓம் குழுவைத் தேடவில்லை. முதன்முதலில் உதவி கேட்டு அழைத்த, அதே தெருவில் வாழ்ந்த நிறுவன ஊழியர் ஒருவரைச் சந்தேகித்தது. புகைப்படம் கழுவுவதற்கான இரசாயனங்கள் அவர் வீட்டில் இருந்தன. அவரும் நஞ்சால் தாக்குண்டவரே. அவருடைய மனைவி நினைவிழந்து கிடந்தார். பத்திரிகைகள் அவர் பெயரை அச்சிட்டன. அண்டை அயலார் நம்பினார்கள். 1995 புத்தாண்டு நாளில், ஓம் ஆலைக்கு அருகே மண்ணில் ஸாரினின் எச்சம் கண்டறியப்பட்டதாக யொமியூரி நாளிதழ் வெளியிட்டது. அதன்பிறகும் சோதனை நடக்க மார்ச் ஆகிவிட்டது. அவரைத் தொடர்ந்த நாள்களில் உண்மைக் குற்றவாளிகளைத் தொடர்ந்திருந்தால் டோக்கியோ தடுக்கப்பட்டிருக்குமோ என்று அந்நாட்டில் இன்றும் கேட்கிறார்கள். டோக்கியோவுக்குப் பின் காவல்துறைத் தரப்பிலிருந்து வருத்தமும் பத்திரிகைகளிலிருந்து மன்னிப்பும் அவரைத் தேடி வந்தன.

அஸஹாரா உள்ளிட்ட 13 பேர் 2018 ஜூலையில் தூக்கிலிடப்பட்டனர். மட்ஸுமோட்டோவின் அந்த ஊழியரோ மரண தண்டனையை ஆதரிக்கவில்லை. அவருடைய மனைவி நினைவு திரும்பாமலே 14 ஆண்டுகள் படுக்கையில் இருந்து 2008 ஆகஸ்டில் இறந்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, நச்சைத் தெளித்த வண்டியைச் செய்து கொடுத்த குற்றத்திற்காகப் பத்தாண்டு சிறையிலிருந்து வெளிவந்த ஒருவர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார். தாம் செய்ததைச் சொன்னார். வீட்டுக்காரர் அவரை உள்ளே அழைத்தார். அதன்பின் அம்மனிதர் வந்து, அந்த வீட்டுத் தோட்டத்து மரங்களைக் கிளை வெட்டிச் சீர்செய்து கொடுத்துவிட்டுப் போவது வழக்கமாயிற்று.